திரையில் கண்டதும் தாளில் வந்ததும்

கணிப்பொறியைப் பற்றிப் பேசுவதற்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்று: கணிப்பொறி காட்டிய பட்டியலை என் கண்ணாலேயே முதல் வரி தொடங்கிக் கடைசி வரி வரையில் பார்த்து, சரி என்று கையெழுத்திட்டு, அது தவறாகப் போனதையும் கண்டவன் நான். அத்தவறு எப்படி நேர்ந்தது, அதனைத் தடுக்க நிரல் எழுதுவோர் என்ன முறையைக் கைக்கொள்கிறார்கள் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

2018-ஆம் ஆண்டு நடந்தது. மயிலாப்பூரில் ஏழை மாணவர்களுக்குக் கல்லூரியில் சேரப் பணம் கொடுத்து உதவும் ஓர் அறக்கட்டளையில் நான் கௌரவப் பொறுப்பு ஏற்றிருந்தேன். விண்ணப்பங்களை வரிசைப்படுத்தி, தேர்ந்தவர் பெயர்களை அகர வரிசையில் தருவதற்கு அன்பர் ஒருவர் ‘சி’ மொழியில் ஒரு நிரல் எழுதித் தந்திருந்தார். அவ்வாண்டு தேர்ந்தவர் 132 பேர். நிரலை இயக்கிக் காட்டினார். 132 பெயர்களும் திரையில் வந்தன. அவற்றின் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றிற்று. தசமப் புள்ளியைப் பற்றிய ஏதோ பிழை என்பதுபோல் இருந்தது அது. எங்கள் பட்டியலிலோ தசம எண்ணே இல்லை. ஆகவே, நமக்குத் தொடர்பில்லாதது என்று அதனை விட்டுவிட்டோம். பட்டியல்தான் முழுமையாக வந்துவிட்டதே!

அன்றிரவு அந்நிரல் ஆளில்லாமல் தானே இயங்கிப் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி வைத்தது. காலையில் அதனை அச்சிட்டுப் பலகையில் ஒட்டினார்கள். தாளின் கடைசி வரியில் பெயரும் பள்ளியும் இருந்தன, மதிப்பெண் இல்லை. அச்சுப்பொறியின் மை தீர்ந்திருக்கும் என்று எண்ணிய அலுவலக உதவியாளர், மதிப்பெண்ணைக் கையால் எழுதி நிரப்பினார். எவரும் பெயர்களை எண்ணிப் பார்க்கவில்லை. தாளில் இருந்தவை 123; ஒன்பது பெயர்கள் இல்லை.

நான்காம் நாள் ஒரு தாயார் வந்து, “நேர்காணலில் எடுத்துவிட்டோம் என்றீர்களே, ஐயா” என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. எட்டுப் பேருக்கு மறுவாரமே காசோலை கொடுத்தோம். ஒன்பதாவது பெண்ணின் வீட்டைத் தேடிப் போனபோது, அவள் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தாள். கல்லூரியில் பணம் கட்டும் நாளும் கடந்துபோயிருந்தது. அடுத்த ஆண்டு அவளைக் கல்லூரியில் சேர்த்தோம். ஆயினும் அந்த ஓராண்டை எங்களால் அவளுக்குத் திருப்பித் தர இயலவில்லை.

திரையில் 132 பெயர்களைக் காட்டிய அதே நிரல் தாளில் 123-ஐ மட்டும் தந்தது எவ்வாறு? என்னிடம் கணக்குப் படித்த மாணவி ஒருவர் தரமணியில் மென்பொருள் பணியில் இருக்கிறார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, நிரலைப் படித்துப் பார்த்துவிட்டு, “சார், நீங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடந்தான் இது. பூச்சியத்தால் வகுத்திருக்கிறார்கள்” என்றார்.

பட்டியலுக்குப் பின், மாலை வகுப்பு மாணவர்களின் சராசரி மதிப்பெண்ணைக் கணக்கிட அந்நிரல் முயன்றிருக்கிறது. முந்தைய ஆண்டுகளில் அப்படிச் சிலர் இருந்தார்கள். அவ்வாண்டு ஒருவரும் இல்லை. கூட்டுத்தொகையைப் பூச்சியத்தால் வகுக்கப் போன இடத்தில் நிரல் அப்படியே விழுந்துவிட்டது. நாங்கள் கண்ட ஆங்கில வரி, அந்த வீழ்ச்சியின் அறிவிப்பு. முழு எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தாலும், பழைய வழக்கத்தின்படி அதற்கு மிதவைப் புள்ளிப் பிழை என்றே இயக்க முறைமை பெயரிடுகிறது. பெயரைக் கண்டு நாங்கள் ஏமாந்தோம்.

ஆனால், பெயர்களையெல்லாம் எழுதி முடித்த பின்னர்தானே நிரல் விழுந்தது? கடைசிப் பெயர்கள் எங்கே போயின? இங்கேதான் நுட்பமான செய்தி ஒன்று இருக்கிறது.

‘சி’ மொழியில் ஒரு வரியை அச்சிடு என்று சொன்னவுடன் அது நேரே திரைக்கோ கோப்புக்கோ போய்விடுவதில்லை. முதலில் ‘பஃபர்’ எனப்படும் ஓர் இடைத்தொட்டியில் விழுகிறது. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் பெண்மணி, சொட்டுச் சொட்டாகவா வீட்டுக்குக் கொண்டுபோகிறார்? குடம் நிறைந்த பின்னரே தூக்குகிறார். அதுபோலவே, எழுத்துகள் ஓரளவு சேர்ந்த பின்னரே அவை வெளியே அனுப்பப்படுகின்றன. எதிரே இருப்பது திரையானால், பார்ப்பவர் காத்திருப்பார் என்று கருதி, ஒவ்வொரு வரி முடிந்தவுடனும் தொட்டி காலி செய்யப்படும். எதிரே இருப்பது கோப்பானால் அந்த அவசரம் இல்லை. தொட்டி நிறைந்தால்தான் காலி செய்யப்படும். லினக்ஸ் முறைமையில் அந்தத் தொட்டியின் அளவு பெரும்பாலும் 4096 பைட்டுகள்.

இனிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். யுனிகோடின் வழக்கமான குறியீட்டு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. எங்கள் பட்டியலின் ஒரு வரி ஏறக்குறைய நூறு பைட்டுகள். மூன்று தொட்டி நிறைந்தால் 12,288 பைட்டுகள். அதாவது 122 வரிகளும், 123-ஆம் வரியில் பெரும் பகுதியும். மிஞ்சிய ஒன்பது பெயர்களும் நான்காவது தொட்டியில் இருந்தன. தொட்டி நிறையவில்லை, நிரல் ஒழுங்காக முடிந்திருந்தால் முடிவில் அதுவும் காலி செய்யப்பட்டிருக்கும். நிரலோ நடுவழியில் விழுந்தது. குடத்தோடு விழுந்தால் குடத்துத் தண்ணீர் யாருக்கு? அகர வரிசையின் கடைசியில் ‘வ’ என்னும் எழுத்தில் பெயர் தொடங்கியதுதான் அப்பெண் செய்த குற்றம்!

நான் கண்ணால் பார்த்துச் சரி என்றேனே, அந்தப் பார்வையில் பிழை இல்லை. நான் பார்த்த பொருள் வேறு, பயன்பட்ட பொருள் வேறு. ஆகவே, நிரலின் வெளியீட்டைத் திரையில் ஓடவிட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. அதனைப் பிடித்து நிறுத்தி, எதிர்பார்த்த விடையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். இதனையே வெளியீட்டைப் ‘பிடித்தல்’ என்கிறார்கள். நிரலின் ஒவ்வொரு சிறு உறுப்பையும் தனித்தனியே எடுத்து இவ்வாறு சோதிப்பதற்கு அலகுச் சோதனை என்று பெயர்.

வெளியீட்டைப் பிடிப்பதென்றால் என்ன? வானொலியையே உவமையாகச் சொல்லலாம். ஒலிப்பதிவு அறையில் பேசுகிறவருடைய குரல் ஒரு கம்பி வழியே போகிறது. அக்கம்பியை ஒலிபரப்பியில் இணைத்தால் பேச்சு ஊரெங்கும் கேட்கும். பதிவுக் கருவியில் இணைத்தால் பேச்சு பதிவாகும். பேசுகிறவர் தம் பேச்சை மாற்ற வேண்டுவதில்லை. யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் இத்தகைய மூன்று கம்பிகள் பிறப்பிலேயே உண்டு. எண் 0 என்பது உள்ளே வரும் கம்பி. எண் 1 வழக்கமான வெளியீடு. எண் 2 பிழை அறிவிப்பு. திரை என்பது இக்கம்பிகளின் மறுமுனையில் இருக்கும் ஒரு கருவி, அவ்வளவே. ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொரு நிரலின் உள்ளீடாக நேரே இணைக்கும் ‘குழாய்’ என்னும் ஏற்பாட்டை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் வற்புறுத்த, 1973-ஆம் ஆண்டில் கென் தாம்சன் செய்து முடித்தார்.

அதே 1973-இல்தான் நம் அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தில் ஐ.பி.எம். 370/155 என்னும் பெரிய கணிப்பொறி நிறுவப்பட்டது. அப்போது நான் பள்ளி மாணவன். ஓரங்களில் துளையிட்ட நீண்ட கணிப்பொறித் தாள்களைத் தெரிந்தவர்கள் கொண்டுவந்து தருவார்கள்; அவற்றின் பின்புறத்தில் நாங்கள் கணக்குப் போடுவோம். முன்புறத்தில் இருந்ததோ யாரோ ஒருவருடைய நிரலின் வெளியீடு. துளையட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, தாள் கைக்கு வந்ததும் ஒவ்வோர் எண்ணாகக் கண்ணால் சரிபார்ப்பதே அக்காலத்துச் சோதனை. இன்று அவ்வேலையை மற்றொரு நிரல் செய்கிறது.

இனி, தொகுக்கப்பட்ட நிரலில் இது ஏன் சற்றுக் கடினம் என்பதைப் பார்ப்போம். பைத்தான் போன்ற மொழிகளில், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ‘அச்சிடு’ என்னும் சொல்லின் பொருளை மாற்றிவிடலாம். ‘சி’, ‘ரஸ்ட்’, ‘கோ’ போன்ற மொழிகளிலோ, மூலநிரலைத் தொகுப்பி முன்னதாகவே இயந்திர மொழியாக்கிவிடுகிறது. எந்தச் சொல் எதனைக் குறிக்கும் என்பது பெரும்பாலும் அப்போதே முடிவாகிவிடுகிறது. சுட்ட செங்கல்லைப் பிசைய முடியாது. ஆகவே, வெளியீட்டைப் பிடிக்க மூன்று வழிகளில் ஒன்றை நாட வேண்டும்.

முதல் வழி, நிரலை முழுமையாக ஒரு பிள்ளை நிரல்போல இயக்கி, அதன் 1-ஆம் கம்பியையும் 2-ஆம் கம்பியையும் வெளியிலிருந்து தனித்தனியே பிடித்தல். மூன்றாவதாக ஒன்றையும் பிடிக்க வேண்டும். அது, நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் முடிவெண். ஒழுங்காக முடிந்தால் பூச்சியம். எங்கள் நிரலைப்போல் வகுத்தலில் விழுந்தால், வழக்கமான கட்டளைச் சூழலில் அவ்வெண் 136 என்று வரும். வெளியீட்டை மட்டும் பார்த்து, முடிவெண்ணைப் பாராமல் விடுவது, விடைத்தாளைத் திருத்திவிட்டு மாணவன் தேர்வை முடித்தானா, மயங்கி விழுந்தானா என்று பாராமல் விடுவதை ஒக்கும்.

இரண்டாம் வழி, சோதனை நடக்கும் அந்நிரலுக்குள்ளேயே 1-ஆம் கம்பியைச் சிறிது நேரம் வேறிடத்துக்குத் திருப்புதல். ‘டியூப்2’ என்னும் அழைப்பு இதற்கு உதவுகிறது. இதில் ஒழுங்கு முக்கியம். திருப்புவதற்கு முன் இடைத்தொட்டியைக் காலி செய்ய வேண்டும். இல்லையேல் பழைய எழுத்துகள் புதிய பதிவில் கலந்துவிடும். பழைய கம்பியின் நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். சோதிக்க வேண்டிய உறுப்பை இயக்கிய பின், மறுபடியும் தொட்டியைக் காலி செய்து, பிறகே கம்பியைப் பழைய இடத்தில் இணைக்க வேண்டும். இதில் இரண்டு இடர்கள் உண்டு. ஒன்று, குழாயில் பிடிப்பதானால், லினக்ஸில் வழக்கமாக அது 65,536 பைட்டுகளையே கொள்ளும். எழுதுகிறவனும் படிக்க வேண்டியவனும் ஒருவனேயாகி, எழுதி முடித்த பின் படிக்கலாம் என்று இருந்தால், குழாய் நிறைந்தவுடன் நிரல் அப்படியே நின்றுவிடும். தற்காலிகக் கோப்பில் பிடித்தால் இத்தொல்லை இல்லை. மற்றொன்று, கம்பி நிரல் முழுமைக்கும் பொது. பல சோதனைகள் ஒரே நேரத்தில் ஓடினால், ஒன்றன் வெளியீடு மற்றொன்றின் பதிவில் போய் விழும்.

மூன்றாம் வழியே சிறந்தது என்றார் என் மாணவி. அது நிரலைத் திருத்தி அமைப்பது. கணக்கிடும் உறுப்பு வேறு, அச்சிடும் உறுப்பு வேறு என்று பிரித்துவிட வேண்டும். சராசரி காணும் உறுப்பு எதனையும் அச்சிடாமல் விடையை மட்டும் திருப்பித் தரட்டும். மாணவர் எண்ணிக்கை பூச்சியமானால் என்ன செய்கிறது என்று அதனைத் தனியே கேட்டுப் பார்க்கலாம். அச்சிடும் உறுப்புக்கோ, ‘எங்கே அச்சிட வேண்டும்’ என்பதனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றாட வேலையில் திரையையோ கோப்பையோ தருகிறோம். சோதனையில் நினைவகத்திலுள்ள ஒரு பாத்திரத்தைத் தருகிறோம். கம்பியைத் திருப்பும் வேலையே இல்லை. ‘கோ’ மொழியின் நூலகம் இப்பழக்கத்தின்மீதே கட்டப்பட்டிருக்கிறது. அம்மொழியில் எடுத்துக்காட்டுச் சோதனையின் முடிவில், எதிர்பார்க்கும் வெளியீட்டை ஒரு குறிப்பாக எழுதி வைத்தால், கருவியே வெளியீட்டைப் பிடித்து ஒப்பிட்டுவிடும். ‘ரஸ்ட்’ மொழியின் சோதனைக் கருவி வேறு விதம்: அது வழக்கமான அச்சிடும் கட்டளைகளின் வெளியீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, தவறிய சோதனைக்கு மட்டும் காட்டுகிறது. தேறியவற்றின் சொற்கள் திரைக்கு வருவதில்லை. ஆனால், அப்படிப் பிடித்ததைச் சோதனை எழுதியவர் எடுத்து ஒப்பிட முடியாது. அதற்கு மூன்றாம் வழியையே நாட வேண்டும்.

பிடித்தாயிற்று, இனி ஒப்பிடுதல். இதில் எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. எதிர்பார்க்கும் பட்டியலை நானே என் வீட்டுக் கணிப்பொறியில் தட்டச்சு செய்து கொடுத்தேன். சோதனையில் இரண்டு பெயர்கள் தவறு என்று வந்தது. ஒன்று கோபால், மற்றொன்று கௌரி. இரு பட்டியல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு எள்ளளவும் வேறுபாடு இல்லை. மாணவி விளக்கினார். ‘கோ’ என்பதில் ககரத்தோடு சேரும் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம். இரட்டைச் சுழிக் கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் இடலாம். இரண்டும் ஒன்றே என்று யுனிகோடு விதித்திருக்கிறது. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் தொல்லை தீரும். ‘கௌ’ வேறு கதை. ஔகாரக் குறியை இடுவதற்குப் பதிலாக, ஒற்றைக் கொம்பை இட்டு, பக்கத்தில் ளகரத்தை நான் தட்டியிருந்தேன். அது உண்மையாகவே எழுத்துப் பிழை. எந்த விதியும் அதனைச் சரிப்படுத்தாது. நாற்பது ஆண்டுகள் பிறர் எழுத்துப் பிழையைத் திருத்தியவனுடைய பிழையை ஓர் இயந்திரம் திருத்தியது!

இவ்வாறு ஒப்பிடுவது நமக்குப் புதிதன்று. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், ஒரு நூலுக்குப் பல பிரதிகளைத் தேடி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டார். அவர் பெயரால் 1943-இல் ஏற்பட்ட நூல்நிலையம் பெசன்ட் நகரில் இருக்கிறது. சுவடி எழுதியவர்கள் நூல் முடிந்த இடத்தில் ‘முற்றும்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. அச்சொல் இல்லையேல் கடைசி ஏடு தொலைந்திருக்கலாம் என்று ஐயுற இடமுண்டு. எங்கள் பட்டியலிலும் அவ்வழக்கத்தைக் கொணர்ந்தோம். இப்போது ஒவ்வொரு பட்டியலின் அடியிலும் பெயர்களின் எண்ணிக்கையும் ‘முற்றும்’ என்ற சொல்லும் அச்சாகின்றன. அவ்விரண்டும் இல்லாத தாளைப் பலகையில் ஒட்டக் கூடாது என்பது விதி.

எத்துணைக் கண்டிப்பாக ஒப்பிடுவது என்பதிலும் விவேகம் வேண்டும். வரியின் இறுதியில் ஒரு வெற்றிடம் மிகுந்தால் அது குற்றமா? விண்டோஸில் எழுதிய கோப்பில் வரி முடிவுக்கு இரண்டு குறிகள், லினக்ஸில் ஒன்று. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்களில், மாணவர் எழுதும் நிரலின் வெளியீட்டைப் பிடித்து ஒப்பிட்டே மதிப்பிடுகிறார்கள். விடை சரியாயிருந்து இடைவெளியில் மட்டும் வேறுபட்டால், அதனைத் தோற்றப் பிழை என்று தனியே குறித்துப் பொறுத்துக்கொள்ளும் முறை அங்கே உண்டு. நல்ல ஆசிரியர் கையெழுத்துக்காக விடையைத் தள்ளமாட்டார். விடைக்காகக் கையெழுத்தைச் சுட்டிக்காட்டாமலும் விடமாட்டார்.

என் மாணவி எழுதித் தந்த சோதனைகள் இருபத்திரண்டு. அவற்றுள் ஒன்று, மாலை வகுப்பில் ஒருவரும் இல்லாத ஆண்டு. மற்றொன்று, ஒரு விண்ணப்பமுமே வராத ஆண்டு. இன்னொன்று, 132 பெயர்களைக் கோப்பில் எழுதச் செய்து, பெயர்களை எண்ணி, முடிவெண் பூச்சியந்தானா என்று பார்ப்பது. நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் இருபத்திரண்டும் மறுபடி ஓடுகின்றன. சில நொடிகளே ஆகின்றன. தவறினால் மட்டும் எங்களுக்குச் சொல்கின்றன.

தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் மொழி. திரையைப் பார்ப்பது விசாரணையின் தொடக்கமே, முடிவன்று. பொருள் எந்த நிலையில் மக்கள் கைக்குப் போகுமோ, அந்த நிலையிலேயே அதனைப் பிடித்துச் சோதிக்க வேண்டும். அன்றைக்கு நான் கையெழுத்திட்ட தாளின் நகல் இன்றும் என் மேசையில் இருக்கிறது. அதன் கடைசி வரியில், உதவியாளர் கையால் நிரப்பிய மதிப்பெண்ணுக்குக் கீழே வெற்றிடம் இருக்கிறது. அவ்விடத்தில் ஒன்பது பெயர்கள் இருந்திருக்க வேண்டும். புதிய பட்டியல் வரும்போதெல்லாம் அந்தத் தாளை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டே நான் கையெழுத்திடுகிறேன்.